மலை அண்ணாச்சியின் கடலை மிட்டாய்

கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு முதல் ஆளாகப் போய் நின்றும், ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சாமியார் இல்லை. கல்யாண போட்டோகிராபர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று, நாலு வருஷம் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்த எனக்கே தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட ‘மலை அண்ணாச்சி அவர்கள், குடும்பத்துடன்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அவரும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் எழுதிருக்க தங்கச்சி” என்று பையில் வைத்துக்கொண்டார்.

நான் அங்கே ஆல்பம் டிசைனர். அண்ணாச்சி எடுத்து வருகிற படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பூ வைத்து, மயில் வைத்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேகத்துக்கு நடுவில் உட்கார வைப்பது என் பிழைப்பு. இன்னொரு வேலையும் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன், சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் டிக்கெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்ட என்னையே தைரியசாலி ஆக்கிவிட்ட ஒருவர் உண்டென்றால், அது மலை அண்ணாச்சிதான். அவருடைய பயத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவர் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. வெள்ளை வேட்டி.

டிஜிட்டல் கேமராவின் பின்பக்கத் திரையில், எடுத்த படத்தோடு ஹிஸ்டோகிராம் என்று ஒன்றும் வரும். மேடும் பள்ளமுமாக ஒரு சின்ன வரைபடம். படத்தில் இருக்கிற கறுப்பெல்லாம் இடது ஓரத்தில் குவியும், வெள்ளையெல்லாம் வலது ஓரத்தில் குவியும், மற்ற நிறங்கள் நடுவில். அண்ணாச்சிக்கு அது மலை. ரெண்டு ஓரமும் சுவர். மலை வலது சுவரில் முட்டிவிட்டால், அந்த வெள்ளையில் இருந்த மடிப்பு, சரிகை, மினுமினுப்பு எல்லாம் போச்சு. அப்புறம் கம்ப்யூட்டரில் தலைகீழாக நின்றாலும் திரும்ப வராது.

மற்ற போட்டோகிராபர்கள் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மூன்று தடவை அந்த வரைபடத்தைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு படத்துக்கும் பார்ப்பார். ஒரு கிளிக், உடனே குனிவார், மலையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், ஏதோ ஒரு சக்கரத்தைத் திருகுவார், மறுபடி ஒரு கிளிக். அதுவரை எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். மாப்பிள்ளை வாய்க்குக் கொண்டுபோன லட்டை வாய்க்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். பெண் சிரித்த சிரிப்பு காய்ந்து போகும்.

“அண்ணாச்சி, கை வலிக்கு.”

“பொறுங்க மாப்ள, மலை பாத்துக்கிடுதேன்.”

அவருடைய கேமரா பையில் எப்போதும் மூன்று பொருட்கள் இருக்கும். துவைத்து நீலம் போட்ட ஒரு எட்டு முழ வேட்டி. ஒரு தீப்பெட்டிக்குள் கரிசல் மண் கட்டி. ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக இந்த மூன்றையும் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பரப்பி ஒரு படம் எடுப்பார். வெள்ளைக்கு வேட்டி, கறுப்புக்குக் கரிசல், நடுவில் மனுசத் தோலுக்குக் கடலை மிட்டாய். மூன்று மலையும் தனித்தனியாக, எந்தச் சுவரிலும் முட்டாமல் நின்றால்தான் அவருக்கு மூச்சு வரும்.

“இதுக்குன்னு சாம்பல் நிறத்துல ஒரு அட்டை விக்கான் அண்ணாச்சி” என்று ஒருநாள் சொன்னேன்.

“நம்மூர்ல சாம்பல் கலர்ல யாரும்மா இருக்கா?” என்று கேட்டார்.

இந்தப் பயம் அவருக்கு வந்த கதையை ஸ்டூடியோ முதலாளிதான் சொன்னார். கயத்தாறு பக்கம் ஒரு கல்யாணம். உழுது போட்ட கரிசல் காட்டுக்கு நடுவில் பந்தல். மத்தியான வெயில். மாப்பிள்ளையும் பெண்ணையும் காட்டுக்குள் நிறுத்தி அண்ணாச்சி படம் எடுத்திருக்கிறார். அந்த வெயிலில் கேமராத் திரையைப் பார்த்தால் படமெல்லாம் இருட்டாகத் தெரிந்ததாம். திரைதான் வெயிலில் மங்கித் தெரிகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. போதாததற்குச் சுற்றிலும் கறுத்த மண்ணைப் பார்த்த கேமராவும் ‘ஐயோ இருட்டு’ என்று தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. இவரும் தன் பங்குக்குக் கூட்டியிருக்கிறார். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் ஆவியாகிப் போயிருந்தன. ஒரு தலை, ரெண்டு கை, கீழே ரெண்டு கால். நடுவில் வெறும் வெளிச்சம்.

மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “தலையும் கையும் இருக்கு. எம் மவன் எங்க?” என்று கேட்டாராம். அந்த அம்மா சண்டை போடவில்லை. அவ்வளவு அமைதியாகக் கேட்டதுதான் அண்ணாச்சியை முறித்துவிட்டது என்றார் முதலாளி. அன்றிலிருந்து அவர் திரையில் படத்தைப் பார்ப்பதில்லை. படம் பொய் சொல்லும், மலை சொல்லாது என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் அவர் பண்ணிய அட்டகாசங்கள் கொஞ்சமா! ஒரு வரவேற்பில், கண்ணைப் பறிக்கிற வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு மேடையேறி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணாச்சி ஒரு படம் எடுத்தார், குனிந்தார், முகம் வெளிறிப்போனது.

“ஐயா, நீங்க மட்டும் கடைசி வரிசைக்குப் போயிருதீங்களா?”

“நானா? எதுக்கு?”

“உங்களால மலை முட்டுது.”

பரிவாரம் பாய்ந்து வந்தது. முதலாளி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய மனிதர் கடைசியில் ஒரு பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கச் சம்மதித்தார். அது அவருடைய கட்சி நிறம் இல்லை என்பதால் அந்தப் படம் பின்னால் பெரிய தலைவலியானது வேறு விஷயம்.

இடைசெவல் கிராமத்துக் கல்யாணம் ஒன்றில் நடந்தது இதைவிட மோசம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, “கல்யாணத்தை நிப்பாட்டுங்க!” என்று ஒரு அலறல். நாதஸ்வரம் பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். ஏற்கெனவே எவளையோ கட்டியவனா, என்ன எழவு என்று கூட்டம் குசுகுசுக்க ஆரம்பித்தது. பார்த்தால், அலறியது அண்ணாச்சி. எதிரே மாப்பிள்ளையின் சித்தப்பா வாயை மூடிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. நாற்காலியில் மண்கட்டிக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த மிட்டாயைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“இன்னும் ஒரு படம்கூட எடுக்கல, அதுக்குள்ள தின்னுட்டீங்களே!” என்று அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஒரு துண்டுக்குப் பதிலாகப் பொட்டலமாகக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

இதெல்லாம் மற்றவர்களுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் அண்ணாச்சி வேட்டியைக் காப்பாற்றப் போய்ப் பெண்களைக் கைவிட்டுவிடுவார். வெள்ளை சுவரில் முட்டாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து எடுப்பார். வேட்டியில் ஒவ்வொரு மடிப்பும் எண்ணலாம் போல இருக்கும். பக்கத்தில் பெண்ணின் முகம், மழைக்கு இருட்டின வானம்.

“அண்ணாச்சி, பொண்ணு முகம் தெரியல.”

“வேட்டி எப்படி இருக்கு?”

“வேட்டிக்கு என்ன, ஜம்முனு இருக்கு.”

“அப்ப சரி. இருட்டுல கெடக்கத ஏத்திக்கிடலாம். வெளுத்துப் போனத யாரும் எறக்க முடியாது தங்கச்சி.”

கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடும். ஏற்றலாம். ஏற்றினால் முகமெல்லாம் மணல் மணலாக வரும். அதை வழிக்கணும், மெழுகணும். அப்போதுதான் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். “இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா. இன்னும். இன்னும் ரெண்டு புள்ளி. ம், இப்பதான் களையா இருக்கு.” கூச்சமாக இருக்கிறது என்று சொன்னேனே, அந்த வேலை இதுதான். கரிசல் காட்டு வெயிலில் பிறந்து வளர்ந்த பெண்களையெல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில் வெளுத்துக்கொண்டிருந்தேன்.

நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்லிச் சமாளிக்கிற கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. முதல் தடவை எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வேறு ஒரு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவைத்தான் அம்மா கொடுத்தனுப்பினாள். அவர்களும் என்னை வஞ்சகமில்லாமல் வெளுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “போட்டோல இருக்க புள்ள எங்க?” என்றார். “இவதாங்க அது” என்றாள் என் அம்மா. கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் நான் வேலைக்குப் போய் வேறொரு பெண்ணின் கன்னத்தை ரெண்டு புள்ளி ஏற்றினேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால், தாலி கட்டுகிற படத்தில் என் முகம் என் முகமாகத் தெரியணும். இருட்டில் முங்கவும் கூடாது, யாரும் வெளுக்கவும் கூடாது. ஒரே ஒரு படம். அது போதும்.

கல்யாணமும் கூடி வந்தது. மாப்பிள்ளை நூல் மில்லில் வேலை பார்ப்பவர். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க எங்கள் கடைக்கு வந்து, என்னை நேரிலேயே பார்த்துவிட்டு ஆள் அனுப்பினார். போட்டோவே கேட்கவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் யார் படம் எடுப்பது? முதலாளி முகம் மலர்ந்து, “இதுல என்ன யோசனை? நம்ம மலை அண்ணாச்சிதான். என் அன்பளிப்பு” என்றார். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, ரெண்டும் பளீர் வெள்ளை. பக்கத்தில் நான். அண்ணாச்சி எதைக் காப்பாற்றுவார் என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. நாலு வருஷம் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்த மனிதர். தூக்கம் வரவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டே விட்டேன்.

“அண்ணாச்சி, எங் கல்யாணத்துல எம் முகம் தெரியுமா?”

“வேட்டியப் பத்தி நீ கவலையே படாத” என்றார் அவர்.

அடப்பாவி மனுசா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வேட்டிக்கா கல்யாணம்?

அதோடு விட்டாரா? மறுநாளிலிருந்து புதுசாக ஒன்று தொடங்கியது. கம்ப்யூட்டரில் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். கன்னத்துக்குப் பக்கத்தில் ஏதோ நிழல் மாதிரி இருக்கும். திரும்பினால், அண்ணாச்சி என் காதோரத்தில் ஒரு கடலை மிட்டாயை நீட்டிக்கொண்டு நிற்பார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. திங்கியா?”

தருவதை வாங்கித் தின்பேன். மறுநாளும் அதே மாதிரி. அதற்கு மறுநாளும். ஒருநாள் வெளிர் மிட்டாய், ஒருநாள் பாகு முறுகின மிட்டாய், ஒருநாள் கருப்பட்டி போட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. கல்யாணக் கவலையில் எதைத் தின்கிறோம் என்றே தெரியாமல் அத்தனையும் தின்றேன். தைத்து வந்த முகூர்த்த ஜாக்கெட் கையில் ஏற மறுத்தது.

“ஏட்டி, கல்யாணத்தை வச்சிக்கிட்டு என்னத்தையாவது தின்னு தொலைச்சியா?” என்று அம்மா ரெண்டு நாள் கத்தினாள். அண்ணாச்சி கொடுத்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசியாக ஒருநாள், “முகூர்த்தச் சேலை என்ன கலர்?” என்று கேட்டார். அரக்கு என்றேன். “கறுத்த அரக்கா, செவத்த அரக்கா?” என்றார். இந்த மனிதருக்கு உண்மையிலேயே மறை கழன்றுவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

முகூர்த்த நாள் காலை. மணவறையில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அண்ணாச்சி பையைத் திறந்து அந்த எட்டு முழ வேட்டியை எடுத்தார். வழக்கமாக நாற்காலியில் போடுகிறவர், அன்றைக்கு மணவறைக்கு முன்னால் எனக்கு நேரே தரையில் விரித்தார். நாலு மூலையிலும் நாலு தேங்காயை வைத்தார். ஜன்னல் வெயில் வந்து சரியாக அதன்மேல் விழுந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் மாமியார் எட்டிப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம், “பொண்ணு வீட்டு வழக்கம் போலிருக்கு. மரியாதையாத்தான் செய்தாவ” என்றார். என் அம்மா அதே வேட்டியைப் பார்த்துவிட்டு, “மாப்ள வீட்டுல இப்படி ஒரு மொறை உண்டுன்னு நம்மட்ட சொல்லவே இல்லியே. நாம ஏதும் வைக்கணுமோ?” என்று பதறி, ஓடிப்போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்து வேட்டி ஓரத்தில் வைத்தாள். மாமியார் சும்மா இருப்பாரா? அவர் பங்குக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. ஐயர் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று அதன்மேலும் கொஞ்சம் மஞ்சள் அரிசி தூவினார்.

யாரோ ஒரு பெரியவர் அதை மிதிக்கப் போக, “வேட்டிய மிதிக்காதீங்க!” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் பயபக்தியோடு நாலு அடி பின்வாங்கியது. ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். வழக்கமாகத் தாலி கட்டுகிற நேரத்தில் செல்போனைத் தூக்கிக்கொண்டு மணவறையை மறைக்கிற கூட்டம் அன்றைக்கு எட்டவே நின்றது. அண்ணாச்சிக்கும் எனக்கும் நடுவில் அந்த வேட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு அதெல்லாம் அப்போது புத்தியில் ஏறவில்லை. எல்லாக் கல்யாணத்திலும் பண்ணுவதைத்தானே இங்கேயும் பண்ணுவார்? ஒரு கிளிக் அடித்துவிட்டுக் குனிவார். அவர் குனிந்து மலை பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்தில் தாலி ஏறிவிடும். ‘கட்டாதீங்க, பொறுங்க மாப்ள’ என்று கத்தினாலும் கத்துவார். எனக்கு உள்ளங்கை வேர்த்து, பிடித்திருந்த வெற்றிலை நனைந்துவிட்டது. கல்யாணப் பெண் வெட்கத்தில் தலை குனிந்திருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். நான் போட்டோகிராபரை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். நான் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி குனியவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. சக்கரம் எதையும் திருகவில்லை. கிளிக் கிளிக் என்று சத்தம் மட்டும் மேளத்துக்கு நடுவில் கேட்டது. ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூன்றாவது முடிச்சு நாத்தனார். அதுவரைக்கும் அவர் ஒரு தடவைகூட மலையைப் பார்க்கவில்லை. எனக்குத் திகில் இன்னும் கூடிப்போனது. பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டாலும் பயம். என் ராசி அப்படி.

அட்சதை விழுந்து ஓய்ந்ததும் நேரே என்னிடம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். புதுப்பெண்ணுக்கு வேறு யாராவது போட்டோவைக் காட்டியிருப்பார்கள். இவர் மலையைக் காட்டினார்.

நாலு வருஷமாகப் பார்த்துப் பழகின வரைபடம். வலது கோடியில் ஒரு மேடு, சுவரைத் தொடாமல் மயிரிழையில் நின்றது. அது பட்டு வேட்டி. இடது ஓரத்தில் எங்கள் ரெண்டு பேர் தலைமுடி. நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கமாக, ரெண்டு சுவருக்கும் தள்ளி, தனியாக ஒரு மேடு நிமிர்ந்து நின்றது.

“இது யாரு அண்ணாச்சி?” என்றேன், தெரிந்துகொண்டே.

“நீதான்” என்றார். அப்புறம், “அழுவாத. மை கரைஞ்சா மலை மாறிரும்” என்று அதட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

மறுவீடெல்லாம் முடிந்து கடைக்குப் போய், என் ஆல்பத்தை நானே செய்ய உட்கார்ந்தேன். தாலி கட்டுகிற படத்தைத் திறந்தேன். ஐயோ, என்ன சொல்ல! தரையில் விரித்த வேட்டியில் பட்டுத் தெறித்த வெயில் கீழிருந்து என் முகத்தில் ஏறியிருந்தது. மாப்பிள்ளை சட்டையின் சரிகை ஒவ்வொரு இழையும் இருந்தது. பக்கத்தில் நான், நல்ல கறுப்பாக, நல்ல வெளிச்சத்தில், நானாக இருந்தேன். அண்ணாச்சியைப் பார்த்து முழிக்கிற முழிதான் கொஞ்சம் அசிங்கம். அது என் தப்பு.

அதே மெமரி கார்டில் இன்னொரு அடுக்கு படம் இருந்தது. தேதியைப் பார்த்தால் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தியது, காலை அதே முகூர்த்த நேரம். ஆளில்லாத மண்டபம். மணவறை போடுகிற இடத்தில் ரெண்டு நாற்காலி. ஒன்றில் வெள்ளை வேட்டி, ஒன்றில் அரக்குச் சேலை. அண்ணாச்சியின் வீட்டுக்கார அக்கா பின்னால் ஒருநாள், “எஞ் சேலையச் சொல்லாமத் தூக்கிட்டுப் போயிட்டாவ” என்று சொல்லிச் சிரித்த சேலை. நாற்காலி முதுகில், முகம் வருகிற உயரத்தில், நூலால் கட்டித் தொங்கவிட்ட ஒரு கடலை மிட்டாய்ப் பாளம். வேட்டி நாற்காலியில் வெளிர் மிட்டாய். சேலை நாற்காலியில் நன்றாக முறுகிய கறுத்த மிட்டாய். என் கையை அந்தத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் ஒரே நிறம்.

பத்துப் பன்னிரண்டு நாள் என் காதோரத்தில் வந்து நின்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நான் தின்று தீர்த்ததெல்லாம் பொருந்தாத மிட்டாய்கள்.

ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். நாற்பத்து மூன்று படங்கள். முதல் படங்களில் வேட்டி நன்றாக இருக்கிறது, கறுத்த மிட்டாய் இருட்டில் கிடக்கிறது. அடுத்தவற்றில் மிட்டாய் தெரிகிறது, வேட்டி வெளுத்துப் போய்விட்டது. எனக்காக வேட்டியைச் சுவரில் முட்டவிட்டுப் பார்த்திருக்கிறார், அந்த மனிதர்! நாற்காலிகள் இடம் மாறுகின்றன, ஜன்னல் திறக்கிறது, மூடுகிறது. முப்பதாவது படத்துக்கு மேல் தரையில் வேட்டி வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்த மிட்டாயில் வெளிச்சம் ஏறுகிறது. கடைசிப் படத்தில் வேட்டியில் மடிப்பு இருக்கிறது, மிட்டாயில் ஒவ்வொரு கடலையும் தெரிகிறது, மேல் பக்கமாக ஒரு எறும்பும் ஏறியிருக்கிறது, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி. முகூர்த்தத்தன்று அவர் மலை பார்க்காததில் ஆச்சரியமே இல்லை. பயப்பட வேண்டியதையெல்லாம் எனக்காக முன்கூட்டியே தனியாக உட்கார்ந்து பயந்து முடித்துவிட்டார்.

ஆல்பம் முடிந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்று, “முகத்தை ரெண்டு புள்ளி ஏத்தேம்மா” என்றார். “முடியாது முதலாளி” என்றேன். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிற நான்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். எங்கள் சொந்தத்தில் அதற்கப்புறம் நடந்த மூன்று கல்யாணத்திலும் மணவறைக்கு முன்னால் வேட்டி விரித்து, நாலு மூலையில் தேங்காய் வைத்து, பழத்தட்டும் வைக்கிறார்கள். பரம்பரை முறையாம். நான் வாயைத் திறப்பதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தை எடுத்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். பூ இல்லை, மயில் இல்லை, மேகம் இல்லை. ரெண்டு நாற்காலி, ரெண்டு மிட்டாய்.

“இது யாரு?” என்று கேட்பார்கள்.

“இது அவர், அது நான்” என்பேன். அந்தப் படத்தை நான் ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை. எறும்பையும் அழிக்கவில்லை.